சீனன்குடாவில் இறங்கும் பெற்றோர்: யார் யாரைப் பார்க்கப் போகலாம்?

கொழும்புக் கோட்டையிலிருந்து இரவு ரயிலில் வருபவர்களுக்கு, தம்பலகாமம் தாண்டி, திருகோணமலைக்கு முன்னால் வருகின்ற தரிப்பிடம் சீனன்குடா. ஒரு பக்கம் விமானப்படைத் தளம், இன்னொரு பக்கம் பற்றைகளுக்குள் பாதி மறைந்து நிற்கும் எண்ணெய்த் தாங்கிகள். விடியற்காலையில் அங்கே இறங்கும் வெளிநாட்டவர்களில் பெரும்பாலானோர் நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் போகிறவர்கள். ஆனால் அவ்வப்போது இன்னொரு வகையினரும் இறங்குவார்கள். ஐம்பது, அறுபது வயது மதிக்கத்தக்க கணவனும் மனைவியும். கடற்கரை விடுதியில் அவர்களுக்கு அவசரம் இல்லை. மேடையில் இருபது வயதுப் பிள்ளை ஒன்று நிற்கும். பக்கத்தில் உள்ளூர்ப் போதகர் ஒருவர் ஓட்டோவோடு காத்திருப்பார். ஊழியப் பயணமாக வந்திருக்கும் மகளையோ மகனையோ பார்க்க வந்த தாய் தகப்பன் அவர்கள்.

இது ஒரு குடும்பத்தின் சொந்த விடயம், இதில் அலசுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அந்தச் சந்திப்பு எந்த விசாவில் நடக்கிறது, அவர்கள் போன பிறகு யாருடைய வீட்டுக் கதவு தட்டப்படுகிறது, இதே ஊரில் இருக்கும் ஒரு தாய் வெளிநாட்டில் ஊழியம் செய்யும் தன் பிள்ளையைப் பார்க்கப் போக முடியுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தால், விடயம் குடும்பத்துக்குள் நிற்கவில்லை.

முதலில் பழைய கதை. இந்தத் தீவுக்கு மிஷனரிகள் வரத் தொடங்கிய காலத்தில், பிள்ளையை அனுப்பி வைத்த பெற்றோர் அத்தோடு பிள்ளையை இழந்தார்கள் என்றே சொல்ல வேண்டும். உடுவில் மகளிர் பாடசாலையை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் நடத்திய எலிசா அக்னியூ 1839இல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி, 1840 ஜனவரியில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 32. மிஷனரியாக வேண்டும் என்று அவர் முடிவெடுத்ததோ சிறுமியாக இருந்தபோது. இடையில் ஏன் இத்தனை ஆண்டுகள்? தன் பெற்றோர் உயிருடன் இருக்கும்வரை அவர் புறப்படவில்லை. போனால் திரும்பி வருவதோ, அவர்கள் வந்து பார்ப்பதோ நடக்காது என்பது அவருக்குத் தெரியும். 1883இல் யாழ்ப்பாணத்திலேயே இறந்தார். இடையில் ஒரு தடவைகூட அமெரிக்கா போகவில்லை.

கிழக்கின் கதை நூறு ஆண்டு பிந்தியது. ஆனால் அதே இயல்பு கொண்டது. 1893இல் உருவான திருகோணமலை மறைமாவட்டத்தில் முதலில் பணியாற்றியவர்கள் பிரெஞ்சு இயேசு சபையினர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாண இயேசு சபையினர் அவர்களோடு சேர்ந்தார்கள். 1947இல் ஆயரான இக்னேஷியஸ் கிளெனி அவர்களில் ஒருவர். லூசியானாவிலிருந்து யூஜின் ஜோன் ஹேபியர், பெஞ்சமின் மில்லர் போன்ற இளைஞர்கள் 1948இல் வந்தார்கள். திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் கூடைப்பந்தாட்டம் வேரூன்றியதற்கு ஹேபியர் பாதர் ஒரு முக்கிய காரணம். 1990 ஓகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கி ஸ்கூட்டரில் புறப்பட்ட அவரும், அவரோடு சென்ற தமிழ் இளைஞனும் ஏறாவூர்ப் பக்கத்தில் காணாமல் போனார்கள். இன்றுவரை அவர்களுக்கு என்ன நடந்தது என்பதற்கு விடையில்லை. மில்லர் பாதர் போர்க்காலம் முழுவதும் மட்டக்களப்பிலேயே இருந்தார். கைது செய்யப்பட்டவர்களையும் காணாமல் ஆக்கப்பட்டவர்களையும் தேடி அலைந்த குடும்பங்களோடு நின்றார். 2019 ஜனவரி 1 அன்று, 93ஆவது வயதில், அங்கேயே காலமானார்.

இவர்களைப் புனிதப்படுத்த நான் இதைச் சொல்லவில்லை. மிஷனரிக் கல்வி எதைத் தந்தது, எதை எடுத்துக்கொண்டது என்ற விவாதம் தனியானது. நான் சொல்ல வருவது வேறு. அவர்கள் எடுத்த ஆபத்து, அவர்களைச் சூழ இருந்த மக்களின் ஆபத்தோடு ஒன்றாக இருந்தது. ஹேபியர் பாதரோடு காணாமல் போன இளைஞனின் தாயும், லூசியானாவில் இருந்த பாதரின் உறவினர்களும் ஒரே பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.

இன்றைய ஊழியப் பயணத்தின் கணக்கு வேறு. 1960இல் தொடங்கிய 'யூத் வித் எ மிஷன்' போன்ற அமைப்புகள் இதை ஒரு பாடநெறியாகவே ஆக்கிவிட்டன. சில மாதம் வகுப்பு, பிறகு இரண்டு மூன்று மாதம் வெளிநாட்டுக் களப்பணி. பல அமெரிக்க, ஆஸ்திரேலிய, கொரியத் திருச்சபைகள் பல்கலைக்கழக விடுமுறையில் இளைஞர்களை இரண்டு வாரம், மூன்று வாரம் என்று அனுப்புகின்றன. தினமும் வீடியோ அழைப்பு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கே வீட்டுக்குத் தெரியும். பெற்றோர் வந்து பார்ப்பது இந்த ஒழுங்கில் இயல்பான ஒரு பகுதி. சில சபைகள் அதற்காகவே ஒரு வாரத்தை ஒதுக்குகின்றன.

எல்லாச் சபைகளும் அப்படியல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மோர்மன் சபை என்று அறியப்படும் பிந்நாள் புனிதர்களின் சபை, ஊழியத்தில் இருக்கும் இளைஞர்களைப் பெற்றோர் போய்ப் பார்ப்பதை விரும்புவதில்லை. ஆண்களுக்கு அந்த ஊழியம் இரண்டு ஆண்டு. 2019 பெப்ரவரிவரை வீட்டோடு பேசுவதற்கே நத்தாருக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான் அனுமதி. அதன் பிறகே வாராந்த அழைப்பு வந்தது. வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது கடுமையாகத் தெரியும். ஆனால் அதன் பின்னால் ஒரு புரிதல் இருக்கிறது: அம்மா அப்பா வந்தால் பிள்ளை ஊழியத்தை விட்டு வழிகாட்டியாக மாறிவிடும். மற்றச் சபைகள் இதைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை.

இனி விசாவுக்கு வருவோம். இங்கேதான் சிக்கல். மதப் பணிக்காக வரும் வெளிநாட்டவருக்கு இலங்கையில் தனியான வதிவிட விசா உண்டு. அதற்குச் சமய விவகாரங்களுக்குப் பொறுப்பான அமைச்சும் திணைக்களமும் பரிந்துரைக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பழைய சபைகளுக்கே அது இலேசில் கிடைப்பதில்லை. ஒரு சிறிய சுயாதீன ஜெபக்கூடம் அதைப் பெறுவது மிகக் கடினம். ஆகவே குறுகியகாலத்துக்கு வருபவர்கள் பலர் எடுப்பது சுற்றுலா அனுமதி. இணையத்தில் ஒரு படிவம், ஒரு கடன் அட்டை, ஓரிரு நாள். அதில் 30 நாள் இருக்கலாம், நீடிக்கவும் முடியும். கடலில் குளிக்கலாம், யானை பார்க்கலாம். மேடையில் நின்று பிரசங்கிக்கலாமா? கூடாது.

பெற்றோரும் அதே அனுமதியில்தான் வருகிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது சரியானது. அவர்கள் உண்மையிலேயே பயணிகள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நம்முடைய வழக்கம் என்ன? தூரத்திலிருந்து வந்தவர்களை முன்னால் அழைத்து, "இரண்டு வார்த்தை சொல்லுங்கள்" என்பது. அந்தத் தகப்பன் எழுந்து சாட்சி சொல்கிறார், பிள்ளைகளுக்காக ஜெபிக்கிறார். யாரோ ஒருவர் கைத்தொலைபேசியில் படமெடுத்து முகநூலில் போடுகிறார். அந்த நிமிடத்தில் அவர் விருந்தாளியா, பிரசங்கியா என்பது பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்தது.

சட்டம் இங்கே அவருக்குப் பெரிதாகக் கைகொடுக்காது. அரசியலமைப்பின் 10ஆவது உறுப்புரை, சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை "எந்த ஆளுக்கும்" தருகிறது. அதில் வெளிநாட்டவரும் அடக்கம். ஆனால் மதத்தை வழிபாட்டாலும் அனுசரிப்பாலும் போதனையாலும் வெளிப்படுத்தும் சுதந்திரத்தைச் சொல்லும் 14(1)(உ) உறுப்புரை, பிரசைகளுக்கு மட்டுமானது. நம்பலாம், ஆனால் போதிப்பதற்கு உரிமை என்று ஒன்றைக் கோர முடியாது. பிரசைகளுக்கே இந்த உரிமை எவ்வளவு தூரம் நீளும் என்பதில் சர்ச்சை உண்டு. 2003இல் மென்சிங்கன் அருட்சகோதரிகளின் சபையைச் சட்டரீதியாகக் கூட்டிணைக்கும் சட்டமூலத்தை ஆராய்ந்த உயர் நீதிமன்றம், பொருள் உதவியோடு சேர்த்து மதத்தைப் பரப்புவதற்கு அரசியலமைப்பு இடந்தரவில்லை என்றது. 2005இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு அதே விடயத்தில் இலங்கை அச்சகோதரிகளின் உரிமையை மீறியதாக முடிவு செய்தது. உள்நாட்டில் எதுவும் மாறவில்லை. 2004இல் ஹெல உறுமய கொண்டுவந்த மதமாற்றத் தடைச் சட்டமூலம் நிறைவேறவில்லை. ஆனால் அதன் வாசம் இன்னும் போகவில்லை.

திருகோணமலையில் இதற்கு இன்னும் ஒரு படி கூடுதல் உணர்ச்சி. கன்னியா வெந்நீரூற்று, கோணேசர் ஆலயச் சூழல், 2025 நவம்பரில் நகரக் கடற்கரையில் புத்தர் சிலை தொடர்பாக எழுந்த பதற்றம் என்று, இங்கே ஒவ்வொரு அடி நிலத்துக்கும் ஒரு மத வழக்கு இருக்கிறது. கிறிஸ்தவ ஊழியம் மீதான எதிர்ப்பு பிக்குகளிடமிருந்து மட்டும் வருவதல்ல. 2016இல் உருவான சிவசேனை போன்ற சைவ அமைப்புகளும் வடக்குக் கிழக்கில் இதைக் கடுமையாக எதிர்க்கின்றன. அந்த எதிர்ப்பை வெறும் வெறுப்பு என்று ஒதுக்கிவிடவும் என்னால் முடியவில்லை. சுனாமிக்குப் பிறகு அரிசி மூட்டையோடு துண்டுப்பிரசுரமும் வந்த கதை கிழக்கில் பலருக்கு நினைவிருக்கிறது.

இத்தனைக்கும் நடுவில் வெளிநாட்டுப் பெற்றோர் வந்து, ஐந்து நாள் தங்கி, அழுது, கட்டிப்பிடித்து, போய்விடுகிறார்கள். மிஞ்சிப் போனால் அவர்களுக்கு நேரக்கூடியது, விசா நிபந்தனை மீறல் என்று சொல்லி அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது. இந்தியாவில் 2020இல் தப்லீக் ஜமாஅத் கூட்டத்தில் கலந்துகொண்ட 900க்கும் மேற்பட்ட வெளிநாட்டவர், சுற்றுலா விசாவில் மதப் பணி செய்ததாகச் சொல்லிக் கறுப்புப் பட்டியலில் போடப்பட்டார்கள். அதுபோன்ற ஒன்று இங்கே நடந்தாலும் அவர்களுக்குப் போக ஒரு வீடு இருக்கிறது.

உள்ளூர்ப் போதகருக்கு? அவர் அடுத்த வாரமும் அதே தெருவில் இருக்க வேண்டும். "யார் வந்தது, எதற்கு வந்தது, எவ்வளவு காசு தந்தது" என்ற கேள்விகளோடு வருபவர்களுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். புதிய வழிபாட்டிடங்களுக்கு அமைச்சின் அனுமதி வேண்டும் என்ற 2008ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையைக் காட்டி, பல ஆண்டுகளாக இயங்கிவந்த ஜெபக்கூடங்களையே மூடச் சொன்ன சம்பவங்களைக் கிறிஸ்தவ அமைப்புகள் தொடர்ந்து பதிவு செய்து வருகின்றன. ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் படம், அப்படி ஒரு கோவையைத் திறக்கப் போதுமானது. 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, பிள்ளைகள் உட்பட ஏறத்தாழ முப்பது பேர் இறந்தபோது, சிறிய சபைகள் எவ்வளவு தனியாக நிற்கின்றன என்பதை நாம் கண்டோம்.

விசாவில் வராத ஒரு விடயமும் உண்டு. ஊழியப் பயணத்தில் வரும் இளைஞர்களை நமது சபைகள் பெரும்பாலும் எங்கே கூட்டிப்போகின்றன? சிறுவர் இல்லத்துக்கு. பாட்டு, விளையாட்டு, படம். பெற்றோர் வந்தால் அவர்களையும் அங்கேதான் கூட்டிப்போவார்கள். "உங்கள் மகள் இந்த அநாதைப் பிள்ளைகளுக்கு அக்கா மாதிரி" என்பார்கள். இலங்கையின் சிறுவர் இல்லங்களில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ, சில வேளை இருவருமோ, உயிருடன் இருக்கிறார்கள். வறுமை, தாய் மத்திய கிழக்குக்குப் போனது, பாடசாலைக்குத் தூரம் – இவைதான் காரணங்கள். அந்தப் பெற்றோர் மாதம் ஒரு தடவை, பஸ் காசு இருந்தால், பிள்ளையைப் பார்க்க வருகிறார்கள். கடல் தாண்டி வந்த தாய் தன் இருபது வயது மகளைக் கட்டியணைக்கும் காட்சியை, தன் தாயைக் காணாத எட்டு வயதுப் பிள்ளை மண்டபத்தின் ஓரத்தில் நின்று பார்க்கிறது. இதை ஒழுங்கு செய்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆனால் அந்த மகளின் விமானச் சீட்டின் விலையில் எத்தனை தாய்மார் மாதாமாதம் வந்துபோகலாம், எத்தனை பிள்ளைகள் வீட்டுக்கே திரும்பலாம் என்ற கணக்கை யாராவது அந்தப் பெற்றோரிடம் சொல்ல வேண்டும். அவர்களே இதைக் கேட்டால் அதிர்ந்துபோவார்கள் என்று நினைக்கிறேன். பிள்ளையைப் பிரிந்திருப்பது என்ன என்று அறிந்துதானே வந்திருக்கிறார்கள்.

இனித் திசையைத் திருப்பிப் பார்ப்போம். தமிழர்களும் ஊழியர்களை அனுப்பியவர்கள்தான். 1900ஆம் ஆண்டளவிலேயே யாழ்ப்பாண மாணவர்கள் தங்களுக்குள் ஒரு மிஷனரிச் சங்கம் அமைத்து, கடலுக்கு அப்பால் தொண்டிக்கு ஊழியரை அனுப்பினார்கள். அந்த முயற்சியைக் கண்ட வேதநாயகம் சாமுவேல் அசரியா ஊர் திரும்பி, 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றக் காரணமானவர்களில் ஒருவரானார். இன்று வடக்குக் கிழக்கின் குருக்களும் அருட்சகோதரிகளும் ஜேர்மனி, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து, இத்தாலி என்று பணியாற்றுகிறார்கள். புலம்பெயர்ந்த தமிழருக்கான ஆன்மிகப் பணியகங்கள் அவர்களால்தான் நடக்கின்றன. ஐரோப்பாவில் குருக்களுக்குத் தட்டுப்பாடு. சில இடங்களில் வெள்ளைக்காரர்களின் பங்குகளையும் நம்மவர்கள் பார்க்கிறார்கள். அன்று அங்கிருந்து இங்கு வந்ததன் மறுபக்கம் இது.

அவர்களுடைய தாய் தகப்பன் அவர்களைப் போய்ப் பார்க்கிறார்களா? திருகோணமலையில் இருக்கும் ஒரு தாய் ஐரோப்பாவில் இருக்கும் தன் அருட்சகோதரி மகளைப் பார்க்க நினைத்தால், முதலில் கைவிரல் அடையாளம் கொடுக்கக் கொழும்புக்குப் போக வேண்டும். 260 கிலோமீற்றருக்கு மேல். ஒரு இரவுப் பயணம். ஷெங்கன் விசாவுக்குக் கட்டணம் 90 யூரோ. 2024 ஜூனில் 80இலிருந்து கூட்டினார்கள். மறுத்தாலும் திரும்பக் கிடைக்காது. அதற்கு மேல் வங்கிக் கணக்கு, காணி உறுதி, ஊர் திரும்புவார் என்பதற்கான அத்தாட்சி. கணவனை இழந்த, ஓய்வூதியமோ காணியோ இல்லாத ஒரு தாய், தான் திரும்பி வருவேன் என்பதை எதைக் கொண்டு நிரூபிப்பார்?

வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் மற்றத் தமிழ்ப் பெற்றோருக்குக்கூட ஒரு வழி உண்டு. கனடாவின் 'சூப்பர் விசா' 2011 முதல் இருக்கிறது. 2022 ஜூலையிலிருந்து ஒரே தடவையில் ஐந்து ஆண்டுவரை தங்கலாம். ஆனால் அதற்குப் பிள்ளை அங்கே பிரசையாகவோ நிரந்தர வதிவாளராகவோ இருக்க வேண்டும். குறிப்பிட்ட வருமானம் காட்ட வேண்டும். பெற்றோருக்கு ஒரு இலட்சம் டொலருக்கு மருத்துவக் காப்புறுதி எடுக்க வேண்டும். ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்த ஒரு கன்னியாஸ்திரி எந்த வருமானத்தைக் காட்டுவார்? சபையின் கடிதமே அவருடைய சம்பளப் பட்டியல். அதை ஏற்பதும் விடுவதும் விசா அதிகாரியின் கையில்.

ஆகவே பல வீடுகளில் நடப்பது எலிசா அக்னியூவின் காலத்துக் கதைதான், வட்ஸ்அப் மட்டும் புதிது. அருட்சகோதரி மூன்று, நான்கு ஆண்டுக்கு ஒரு தடவை விடுமுறையில் வருவார். தாய் சாகக் கிடக்கும்போது வர முடிந்தால் அதிர்ஷ்டம்.

இதற்காக வெளிநாட்டுப் பெற்றோர் இங்கே வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வரட்டும். பிள்ளை எங்கே தூங்குகிறது, யாரோடு சாப்பிடுகிறது என்று கண்ணால் பார்க்கட்டும். 2018 நவம்பரில் சுற்றுலா விசாவில் அந்தமான் வந்து, தடைசெய்யப்பட்ட வட சென்டினல் தீவுக்குப் போய்க் கொல்லப்பட்ட 26 வயது அமெரிக்கர் ஜோன் அலன் சாவின் தகப்பன், தன் மகனை அந்த வழியில் தள்ளியது தீவிர மிஷனரிச் சிந்தனைதான் என்று பின்னர் பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டினார். பெற்றோரும் கேள்வி கேட்கக்கூடியவர்கள். அனுப்பும் சபையிடம் அவர்கள் கேட்கும் கேள்விக்கு, உள்ளூர்ப் போதகர் கேட்பதைவிடக் கனம் அதிகம். ஏனென்றால் காணிக்கை போடுபவர்கள் அவர்கள்.

அரசுக்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சில வாரங்களுக்கு மட்டும் வந்து, பதிவுள்ள ஒரு சபையின் பொறுப்பில், அறிவிக்கப்பட்ட இடத்தில் மதப் பணி செய்வதற்கு ஒரு குறுகியகால அனுமதியை உருவாக்கலாம். பௌத்த, இந்து, இஸ்லாமிய விருந்தினருக்கும் அது பொருந்தும். தமிழகத்திலிருந்து வரும் சைவச் சொற்பொழிவாளரும் இதே சிக்கலில்தான் இருக்கிறார். யார் வருகிறார்கள் என்று அரசுக்கும் தெரியும், ஒளித்து வைக்க வேண்டிய தேவை சபைக்கும் இருக்காது. இப்போது இருப்பது எல்லோருக்கும் தெரிந்த ஒரு பொய்: வந்தவர் "பயணி", அவர் கையில் இருப்பது "சும்மா ஒரு பைபிள்". பொய்யைக் காக்கும் பாரம் போதகரின் தலையில்.

சபைகளுக்கு இதைவிட எளிய வேலைகள் உண்டு. வந்த பெற்றோரை மேடையேற்றாமல் வாங்கில் உட்கார வைக்கலாம். சிறுவர் இல்லத்தைச் சுற்றுலாப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். அதற்குப் பதிலாக அந்தத் தாயை, வெளிநாட்டில் பிள்ளை ஊழியம் செய்யும் உள்ளூர்த் தாய் ஒருவரின் வீட்டில் தேநீருக்கு உட்கார வைக்கலாம். சுவரில் அருட்சகோதரியின் படம் தொங்கும். எத்தனை வருடமாகப் பார்க்கவில்லை என்று விருந்தாளி கேட்பார். நிராகரிக்கப்பட்ட விசாக் கடிதம் அலுமாரியில் இருந்தால் அதையும் எடுத்துக் காட்டலாம்.